வைன் சாமியும் மயங்கிய மீன்களும்

இத்தாலியின் பலர்மோ நகரத்தில் ஒரு சொட்டும் குடிக்காமல் எந்நேரமும் மயக்கத்திலேயே இருந்த ஒரே மனிதர் வைன் சாமிதான். கால்சா என்ற பகுதியில் பழைய மாளிகை ஒன்றின் நிலவறையில் வைனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிலம் துடைப்பது அவருடைய வேலை. நெற்றியில் திருநீறு, கையில் வாளி, கண்ணில் பாதித் தூக்கம். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று அங்குள்ள தமிழர் நாங்கள் பேசிக்கொள்வோம்.

பீப்பாய்களின் மணமே தனக்குப் போதும் என்பார். எந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொலிதேயாமா போகிற பஸ்ஸில், பக்கத்தில் நிற்பவர் முந்தின நாள் என்ன குடித்தார் என்பதையும் சொல்வார். தமிழில் சொன்னதால் அடி விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தையும் இன்னும் நாலு குடும்பங்களையும் அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டினார். விளக்கம் சொல்ல அங்கே வேறு ஆட்கள் உண்டு, இவர் சொல்லக்கூடாது. ஆனால் அந்த மங்கிய மஞ்சள் வெளிச்சத்துக்குள் இறங்கியதும் எங்களுக்கு அதெல்லாம் மறந்துபோனது. பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடலுக்கடியில் எடுத்த, சிப்பி ஒட்டிய மண்சாடி ஒன்றின் முன்னால் வைன் சாமி நின்றார்.

“இது ஒரு ராசாவுக்குக் கொண்டுபோன வைன். கப்பல் கடலுக்கை தாண்டு போச்சு. பிறகு மூண்டு நாளாய் இந்தக் கடலிலை ஒரு மீனும் நேராய் நீந்தேல்லை.”

எல்லாரும் சிரித்தோம். திரும்பினால், பின்னால் பொறுப்பாளரான சிஞ்ஞோரா நின்றுகொண்டிருந்தார். இவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். வைன் சாமியின் வேலை ஒப்பந்தம் அந்த வாரம்தான் அந்த அம்மாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அது இல்லாவிட்டால் நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவும் இல்லை. பொய் சொல்லும் அளவுக்கு என் இத்தாலிய மொழி வளர்ந்திருக்கவில்லை. உள்ளதையே சொன்னேன்.

அந்த அம்மா சாடியை நெடுநேரம் பார்த்தார். மூன்று நாள் என்பது நிச்சயமா என்று வைன் சாமியிடமே கேட்டார்.

வைன் சாமி கொஞ்சமும் கலங்காமல் இத்தாலிய மொழியில் பதில் சொன்னார்: “மூன்று நாள்தான், சிஞ்ஞோரா. சின்ன மீன்களுக்கு நாலு.”

சிரிப்பை அடக்கப் பார்த்த அந்த அம்மா தோற்றுப்போனார். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாட்களில் மட்டும் மீன் கதை வேண்டாம் என்றாராம்.

அடுத்த மாசியில், கிளிநொச்சியில் என் அம்மா இறந்துபோனார். என் பெர்மெஸ்ஸோ முடிந்து, புதியது கைக்கு வராத நேரம். போனால் திரும்ப வர முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் போகவில்லை. நான் வேலை செய்த வீட்டில் ஒரு நோயாளி. என் வீட்டில் சின்னப் பிள்ளைகள். இரண்டு இடத்திலும் அழ முடியவில்லை.

வைன் சாமி எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். திங்கட்கிழமை அருங்காட்சியகம் பூட்டு. அவரே வீடு தேடி வந்து, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு வாங்கில் உட்காரவைத்தார். மேல் சன்னலால் வந்த வெயிலில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

“இஞ்சை இருந்து ஆறுதலாய் அழுங்கோ, தம்பி. நிலம் நான் எப்பிடியும் துடைக்கத்தானே வேணும்.”

அழுதேன். அவர் என் பக்கம் ஒருமுறையும் திரும்பாமல், மதியம் வரைக்கும், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.