சொந்தக்காரர் இல்லாத தேசத்தின் மேல் தேவராஜா படையெடுத்த காதை

வாழ்க! சிட்னி மாநகரின் பென்டில் ஹில் ரயில் நிலையத்துக்கு வடபால், இரு எலுமிச்சை மரங்கள் காவல் நிற்கும் செங்கல் மாளிகையின் தலைவன் வாழ்க! விடியற்பொழுதின் நெரிசலில் சாளரத்தோர இருக்கையை வென்றெடுக்கும் தோள்வலியோன், அலுவலகத்து நகல் இயந்திரம் மூச்சடைத்து வீழுங்காலை அதன் வயிற்றுக்குள் கைவிட்டுக் கசங்கிய தாளை உருவியெடுக்கும் அஞ்சா நெஞ்சினன், இனிப்பைக் குறைக்குமாறு மருத்துவர் மும்முறை ஆணையிட்டும் கேக் கண்ட களத்தில் புறங்காட்டி அறியாத மாவீரன், தேவராஜா வாழ்க, வாழ்க! அவன் புகழ் பாடப் புகும் இந்த நா, அவையோரே, மிகச் சிறிது. அவன் வயிறோ பெரிது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தகு கோமகன், மணமாலை சூடிய நாள்தொட்டு விடுமுறை என்னும் பெயரால் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தது பலமுறை. ரொறன்ரோவில் மைத்துனன் மகளின் கல்யாணம். லண்டனில் சித்தப்பா மகனின் கல்யாணம். பாரிசில் ஒரு பெண்பிள்ளை பூப்பெய்திய சாமத்தியவீடு. சூரிச்சில், யாருடையது என்று இன்றுவரை தெளிவாகாத ஒரு பிறந்தநாள். ஏழ்கடல் கடந்தும் அவன் கண்டவை விமான நிலையமும், விழா மண்டபமும், யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் விரித்த காற்று மெத்தையுமே. அந்த மெத்தைகள் எல்லாம் பாதி இரவில் காற்றுப் போய்விடும்.

அவன் தேவி சிவமணியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்ற வீட்டிலெல்லாம் "நீங்கள் இருங்கோ அக்கா" என்று வாய் உபசரிக்கும். கை தேங்காய் துருவக் கொடுக்கும். நயாகராவுக்கே ஒருமுறை போனவள் அவள். இரண்டு வான் வண்டி நிறைய உறவினர், ஒரு பெரிய சட்டி நிறையப் புளிச்சாதம். மற்றவர்கள் விண்ணிலிருந்து வீழும் வெள்ளத்தின்முன் வாய் பிளந்து நிற்க, அவள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கடதாசித் தட்டுகளில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டை நீட்டிவிட்டு நிமிர்ந்தபோது மழை பிடித்து எல்லோரும் வானுக்குள் ஏறிவிட்டார்கள். அவள் கண்ட நயாகரா, மச்சாளின் மகனுடைய நனைந்த சட்டை மட்டுமே. அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் எங்காவது ஒரு நீர்வீழ்ச்சி வந்துவிட்டால், கழுவிய கோப்பையைக் கையில் பிடித்தபடியே குசினி வாசலில் நின்று பார்ப்பாள். அதைக் காணும்போதெல்லாம் தேவராஜாவுக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஆகவே ஒரு சனிக்கிழமைக் காலை, இடியப்ப மலையும் சொதிக் கடலும் சூழ வீற்றிருந்த வேளை, அவன் மீசை துடிக்க எழுந்து வஞ்சினம் உரைத்தான். "சுற்றமெனும் சேனை சூழாத நாடொன்று சூரியன் கீழ் உண்டெனின், அந்நாட்டில் அடிவைத்து, ஆளியும் அரிமாவும் அலையும் கானகம் கண்டு, நின்னை அருவியின்முன் வெறுங்கையோடு நிறுத்துவேன்; நிறுத்தேனாயின் இனி இனிப்புத் தொடேன்!" என்பது அந்த வஞ்சினத்தின் செந்தமிழ் வடிவம். அவன் வாய்விட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"இஞ்சரும், இந்தமுறை ஒரு சொந்தக்காரரும் இல்லாத இடத்துக்குப் போவம்."

சிவமணி சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பிடி ஒரு இடம் இருக்கோ?"

இருக்கிறதா என்று உலக வரைபடத்தை மேசையில் விரித்து எட்டுத் திசையையும் துழாவினான் ஏந்தல். கனடா வீழ்ந்தது. பிரித்தானியா வீழ்ந்தது. ஜேர்மனியும் டென்மார்க்கும் பார்த்த மாத்திரத்திலேயே வீழ்ந்தன. நோர்வேயின் வடமுனை, இரு மாதம் ஆதவன் எழாத அந்த உறைபனி நாட்டில் ஒளிந்துகொள்ளலாம் என்று ஆவலோடு விரல் வைத்தான். அங்கும் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மீன் பதனிட்டுக்கொண்டிருந்தான். நியூசிலாந்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இறுதியில், களைத்த விரல் ஆபிரிக்காவின் தென்பாகத்தில் இறங்கிச் சாம்பியா என்ற நாட்டில் நின்றது. முழங்கும் புகை என்று அந்த மண்ணின் மக்கள் பெயரிட்ட பேரருவி அங்கே. யானையும் எருமையும் சிங்கமும் நீர் அருந்த வரும் ஆறுகள் அங்கே. குடும்பத்தில் யாருடைய கல்யாண வீடியோவிலும் அந்த நாட்டின் பெயர் வந்ததில்லை.

ஆயினும் போர் அத்தோடு முடியவில்லை. மாரி முடிந்த சித்திரையில் சென்றால் அருவி பெருகி ஆர்ப்பரிக்கும், ஆனால் ஆளுயரப் புல் சிங்கத்தை மறைத்துவிடும். ஐப்பசியில் சென்றால் சிங்கம் தாகத்தோடு நீர்த்துறைக்கு வந்து தரிசனம் தரும், ஆனால் அருவி மெலிந்து கரும்பாறை தெரியும். சிங்கம் அவன் வேட்கை. நீர் அவள் வேட்கை. இரு வேட்கைகளும் பல வாரம் அவன் நெஞ்சக் களத்தில் பொருது, ஈற்றில் ஆடி மாதம் என்னும் சமாதானக் கொடியை ஏற்றின. நீரும் வற்றியிராது, புல்லும் காயத் தொடங்கியிருக்கும். இந்த மாபெரும் முடிவை அவன் முழங்கி அறிவித்தபோது சிவமணி, "ஓம், ஆடி சரி" என்று சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போடப் போனாள்.

பின்னர் படைக்கலம் திரட்டினான். பதினெட்டுப் பைகள் தைத்த காக்கிக் கவசம். கழுத்தின் பின்புறம் திரை தொங்கும் தொப்பி. கழுத்தே முறியும் கனத்தில் ஒரு பைனாகுலர். அந்தக் கவசம் பூண்டு, அந்தத் தொப்பி தரித்து, அந்தப் பைனாகுலரை ஏந்திக் கொல்லைப்புறத்துப் புல்வெளியில் மூன்று ஞாயிறு போர்ப்பயிற்சி செய்தான். வெள்ளைக் கிளிகள் அஞ்சிப் பறந்தன. பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் அஞ்சவில்லை. வேலிமேல் அமர்ந்து அவனையே உற்றுப் பார்த்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் ஸ்ருதி அந்தக் கோலத்தைப் படம் எடுத்துக்கொண்டு, "வாவ் அப்பா, வெரி பிரேவ்" என்றாள். அவள் பாராட்டினாளா கேலி செய்தாளா என்பதை அவன் விசாரிக்க விரும்பவில்லை.

இனி வருவது காதையின் உயிர்நாடி. இந்தப் படையெடுப்பின் வெற்றி வாளிலும் இல்லை, பைனாகுலரிலும் இல்லை, இரகசியத்தில் இருந்தது. எம்மவரிடம் ஒரு நாட்டின் பெயரை உச்சரித்தால் அந்த நாட்டில் ஒரு சொந்தம் முளைத்துவிடும். முளைத்த சொந்தத்தின் வீட்டில் தங்காமல் ஹோட்டலில் தங்கினால், அந்தப் பழி மூன்று தலைமுறைக்குக் கல்யாண வீடுகளில் பேசப்படும். எனவே, "நா காக்க! யாரிடமும் மூச்சு விடக்கூடாது!" என்று மனைவிக்கும் மகளுக்கும் ஆணை பிறப்பித்தான். சிவமணி யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ருதியிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் முற்றுகை முருகன் கோயில் வாசலில் நிகழ்ந்தது. முற்றுகையிட்டவர் விஜயா அன்ரி. சிட்னி முதல் ஸ்கார்பரோ வரை யார் யாருக்கு என்ன முறை என்பதை நெஞ்சில் சுமந்து திரியும் பெருமாட்டி. "தம்பி, ஆடியிலை எங்கையும் பயணமோ?" என்று அவர் அம்பு தொடுத்தார். "இல்லை அன்ரி, வேலை கூடிப் போச்சு" என்று கேடயம் உயர்த்தினான் வீரன். அம்பு முறிந்தது, அன்றைக்கு அவன் கூடுதலாக ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான்.

அந்தோ, வெளிப்பகையை வென்றவனை உட்பகை வீழ்த்திய வரலாற்றை எந்த வாயால் உரைப்பேன்! ஹோம்புஷ் உணவகம் ஒன்றில் வரதராஜாவின் அறுபதாம் பிறந்தநாள். வரதராஜா, தேவராஜாவோடு ஒரே பள்ளி வாங்கில் இருந்து படித்தவர். அன்றுமுதல் இன்றுவரை தேவராஜா எதை வாங்கினாலும் அதைவிட ஒரு அங்குலம் பெரியதை வாங்கிவருபவர். அன்று அவர் அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்த படங்களை ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு படத்தில் சாம்பல் கடலும் அதில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தன. "திமிங்கிலம்" என்றார். பிறகு தேவராஜாவின் தோளில் கைபோட்டு, "இதெல்லாம் எல்லாராலும் ஏலாது தேவா. கொஞ்சம் துணிவு வேணும்" என்றார்.

அக்கணம் பென்டில் ஹில் கோமகனின் குருதி கொதித்தது, கண் சிவந்தது, கையிலிருந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் நசுங்கியது, மாதக்கணக்கில் கட்டிக் காத்த மதில், மதிலின் மேல் நின்ற காவல், காவலுக்குப் பின்னிருந்த மானம், மானத்துக்கும் பின்னிருந்த மதி ஆகிய அனைத்தும் ஒரு கரும்புள்ளித் திமிங்கிலத்தின் வாலடியில் சிதறி வீழ, அவன் மண்டபம் அதிர வாய் திறந்தான்:

"துணிவோ? நாங்கள் ஆபிரிக்காவுக்கெல்லோ போறம்! திறந்த ஜீப்பிலை, சிங்கம் பார்க்க!"

மண்டபம் அடங்கியது. வரதராஜாவின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது. அந்த ஒரு நொடி, அவையோரே, அவன் மூவுலகும் ஆண்டான். மறு நொடியே அடுத்த மேசையிலிருந்து சிவமணி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். கோபமே இல்லை, இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்திருந்தவளின் பார்வை அது. 

விஜயா அன்ரி தன் தட்டை மெல்லக் கீழே வைத்தார். "ஆபிரிக்காவிலை எவடம் தம்பி?"

"சாம்பியா, அன்ரி. லிவிங்ஸ்டன் எண்டு ஒரு சின்ன இடம்," என்றான், சின்ன இடம் என்றால் விட்டுவிடுவார் என்று நம்பி.

"லிவிங்ஸ்டனோ! அங்கை எங்கட நிரூபா எல்லோ இருக்கிறாள்! சிவமணி, உன்ர பெரியம்மாவின்ர மனுசன்ர தங்கச்சியின்ர மகள். புருசன் சுஜீதன் அங்கை கணக்காளர்." அன்ரியின் கை அப்போதே கைப்பையில் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தது. கேக் வெட்டுமுன் நிரூபாவுக்குச் செய்தி போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு, இறுதிப் போர். தொலைபேசி முரசென அதிர்ந்தது. காக்கிக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டே களம் புகுந்தான் தேவராஜா. இரவெல்லாம் வடித்துத் தீட்டிய சாட்டுகள் அவன் ஆவநாழி நிறைய இருந்தன: ஹோட்டலுக்குக் காசு கட்டியாயிற்று, பயண முகவர் விடமாட்டார், தனக்குக் குறட்டை அதிகம்.

"அத்தான்!" என்றது மறுமுனை. "ஹோட்டல் எல்லாத்தையும் கான்சல் பண்ணுங்கோ. எங்கட வீடு இருக்கேக்கை ஹோட்டலோ?"

முதல் கணையை அவன் எடுக்குமுன் அந்தக் குரல் சற்றுத் தாழ்ந்தது. "இஞ்சை வந்து இத்தனை வருசத்திலை ஒரு சொந்தம் எங்கட வாசல்லை கால் வைக்கேல்லை, அத்தான். பிள்ளையள் தமிழ் கதைக்கிற ஆக்களைப் போனிலைதான் பார்த்திருக்குதுகள்."

ஆவநாழி காலியாயிற்று. யானைப்படை எதிர்த்து வந்திருந்தால் நின்றிருப்பான். தேர்ப்படை வந்திருந்தால் பொருதிருப்பான். இந்த ஒரு வாக்கியத்தின்முன் அவனால் நிற்க முடியவில்லை. "ஓம் நிரூபா... ஓம்" என்றான். "நீர்வீழ்ச்சிக்கு எல்லாரும் ஒரு வான் பிடிச்சுப் போவம்," என்று அவள் மகிழ்ந்து தொடர்ந்தாள். "நான் புளிச்சாதம் கட்டிறன்!" புளிச்சாதம் என்ற சொல் ஸ்பீக்கர் வழியே குசினி வரைக்கும் கேட்டது. தேவராஜா கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டான்.

அப்போது சிவமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கினாள். முரசு அறையவில்லை, கொடி ஏற்றவில்லை.

"நிரூபா, அக்கா கதைக்கிறன். உங்களோடை மூண்டு நாள் வந்து நிக்கிறம். சமைப்பம், பிள்ளையளோடை கதைப்பம், எல்லாம் செய்வம். நீர்வீழ்ச்சிக்கு மட்டும் நானும் அத்தானும் தனியப் போட்டு வாறம். என்ன?"

 தேவராஜா கதிரையின் நுனிக்கு நகர்ந்தான்.

"ஓம் அக்கா, அதுக்கென்ன," என்றாள் நிரூபா. பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள். "வரேக்கை எங்கட மிளகாய்த்தூள் கொஞ்சம் கொண்டு வருவீங்களோ? இஞ்சை ஒண்டும் எங்கட மாதிரி இல்லை."

இவ்வாறு, ஒரு மாவீரன் மாதக்கணக்கில் காத்துத் தோற்ற கோட்டையை, ஒருத்தி கைத்துவாயைத் தோளில் போட்டபடி மீட்டெடுத்தாள். மூன்று நாள் என்றால், அந்த மூன்று நாளைக் கானகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். சிங்கங்கள் உலவும் முகாமில் அவனுக்கு எஞ்சியது ஒரே ஒரு வைகறை. கானகத்துக்குப் பறக்கும் சிறு விமானமோ ஆளுக்கு ஒரு சின்னப் பையைத்தான் ஏற்றும். கானகம் முதலில், லிவிங்ஸ்டன் பிறகு; ஆகவே அங்கே போக வேண்டிய தூளும் அந்தப் பைக்குள்தான் போக வேண்டும், பைனாகுலருக்கு இடம் இல்லை.

"அப்ப உங்கட சிங்கம்?" என்று கேட்டாள் சிவமணி.

"சிங்கத்தை டிவியிலை பார்க்கலாம்," என்றான் தேவராஜா. அவள் சிரித்தாள். பல விடுமுறைகளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைக் கண்டு அவனும் சிரித்தான்.

கேளுங்கள் திசைகாள், கேளுங்கள் ஏழ்கடல்காள்! கிளிக்குலம் கலங்கக் கொல்லைப்புறம் ஆண்ட பைனாகுலர் என்னும் பெருங்கண் பேராயுதம், ஒரு யானையையும் காணாமல், ஒரு சிங்கத்தின் பிடரியையும் தடவாமல், பதினெட்டுப் பைகளும் வெறுமையான காக்கிக் கவசம் பக்கத்தில் நின்று புலம்ப, அலுமாரியின் மேல்தட்டில், பழைய காற்று மெத்தைக்கு அருகே, நெடுந்துயில் கொண்டது.

தேவராஜா கடைக்குப் போய் மூன்று கிலோ மிளகாய்த்தூள் வாங்கி வந்தான்.