போன் பண்ணையாரின் யூரியா

"போனை இலைகிட்ட கொண்டு போ. இன்னும் கிட்ட. பார்த்தியா, மஞ்சள்!"

"பச்சையாத்தாங்க இருக்கு" என்றாள் மனைவி, கரும்பு வயலின் நடுவிலிருந்து.

"எனக்குக் கண்ணு தெரியாதா? தழைச்சத்து பத்தலை. நாளைக்கே ஒரு மூட்டை யூரியா போடு."

நூல் ஆலையின் ஸ்டோர் அறையில் உட்கார்ந்துகொண்டு, இரவு முழுக்கப் பேருந்தில் போனால் வரும் ஊரில் இருக்கும் கரும்பை அவர் இப்படித்தான் வளர்த்து வந்தார். ஆலையில் அவருக்குப் பெயரே போன் பண்ணையார். கரும்பை நட்டுவிட்டுக் கிளம்பியவர் இன்னும் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி எப்போது வரச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "கரும்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் நான் எதுக்கு?"

இப்போது கரும்பு நன்றாக இல்லை. வீட்டுக்குக் கூரை மாற்றுவது இந்தக் கரும்பை நம்பித்தான்.

"மண் அணைச்சு, கடைசித் தவணை உரமும் போட்டாச்சு" என்றாள் மனைவி. "இதுக்கு மேல யூரியா போட்டா தோகைதான் வளரும், சர்க்கரை ஏறாது, காத்தடிச்சா அப்படியே சாஞ்சுடும்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். அது பச்சையா இருக்கிற கரும்புக்கு!"

"சரிங்க."

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறவள் இல்லை. அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே மஞ்சள்.

"மூட்டை வாங்கினியா?"

"வாங்கியாச்சுங்க."

"அப்ப ஈரம் இல்லாம போட்டிருப்பே. தண்ணி பாய்ச்சு!"

மறுநாள் அங்கே மழை கொட்டித் தீர்த்தது. பண்ணையார் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு, போட்டதெல்லாம் கரைஞ்சு ஓடியிருக்கும். இன்னொரு மூட்டை வாங்கு!"

அதற்கும் மஞ்சள் அசைந்து கொடுக்கவில்லை. யூரியாவில்தான் கலப்படம் என்று முடிவு கட்டி, ஊர் உரக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார்.

உரக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "முடிச்சிட்டீங்களா? இனிமே உங்க வீட்டுக்கு ஒரு கைப்பிடி உரம்கூட என் கடையிலேருந்து வராது" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே அறைத்தோழனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனும் அதே ஆலையில் எலக்ட்ரீஷியன். போன் மெதுவாக ஓடுகிறது என்று அவர் அலுத்துக்கொண்டபோது வாங்கிச் சரிசெய்து கொடுத்த நல்ல பிள்ளை.

"ஆமாண்ணே, மஞ்சளாத்தான் இருக்கு" என்றான், திரையில் அவர் காட்டிய கரும்பைப் பார்த்து. "ஒரு நடை நேர்ல போய்ப் பார்த்துடுங்களேன்."

"லீவு போடறது லேசா?"

அடுத்த அழைப்பில் மனைவியின் முகம் திரை முழுக்க வந்தது. அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏய், உன் முகமும் மஞ்சளா இருக்கே! காமாலையா?"

"நேர்ல பார்த்தாத்தானே தெரியும்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

பண்ணையார் ஆடிப்போனார். கரும்புக்காவது யூரியா இருக்கிறது, மனைவிக்கு எதைப் போடுவது? நேராக மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"லீவு வேணும் சார். உடம்பு சரியில்லை."

"யாருக்கு?"

"கரும்புக்கும் என் மனைவிக்கும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வரிசையிலேயேவா? ஒரு வாரம் எடுத்துக்கோங்க. முதல்ல வீட்டுக்குப் போங்க, அப்புறம் வயலுக்கு."

ஊர்க் கடையில் உரம் கிடைக்காதே என்று போகிற வழியில் ஒரு யூரியா மூட்டையையும் வாங்கிக்கொண்டார். பேருந்தில் மூட்டையை எங்கே வைத்தாலும் யாராவது தடுக்கி விழுந்தார்கள். கடைசியில் கண்டக்டர் அதைத் தூக்கி அவர் மடியிலேயே வைத்துவிட்டார். விடிந்தபோது அவருக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

நொண்டிக்கொண்டே மூட்டையோடு போய்ச் சேர்ந்தார். வீட்டை ஒட்டியே வயல். கரும்பு கருகருவென்று பச்சையாக நின்றது. வாசலில் மனைவி நின்றாள். முகத்தில் காமாலையும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரிப்புதான் இருந்தது. இவளை விட்டு இத்தனை மாதம் எப்படி இருந்தோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

உள்ளே சுவரோரம் இரண்டு யூரியா மூட்டைகள் பிரிக்காமல் இருந்தன.

"போடவே இல்லையா?"

"காலம் தாண்டிப் போட்டா கரும்பு கெட்டுடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றபடி அவள் மூன்றாவது மூட்டையை வாங்கி அவற்றின் மேல் சாய்த்தாள்.

"அப்ப அந்த மஞ்சள்?"

அவர் வெளியே வந்து ஓர் இலையைப் பிடித்து, போன் கேமராவை அதன் முன் நீட்டினார். நேரில் பச்சை, திரையில் மஞ்சள். தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சட்டையில் துடைத்துப் பார்த்தார். மஞ்சள்தான்.

உள்ளே மனைவியின் போன் அடித்தது. அவள் கை மூட்டையில் இருந்ததால் அவரே போய் எடுத்துக் காதில் வைத்தார். வாயைத் திறக்கும் முன்பே அறைத்தோழனின் குரல் உற்சாகமாகக் கேட்டது:

"அண்ணி, அண்ணன் வந்து சேர்ந்தாச்சா? நீங்க சொன்னபடி அவர் போன் திரைக்கு நான் வச்ச மஞ்சள் கலரை எப்படி எடுக்கிறதுன்னு இப்ப சொல்லித் தரட்டுமா, இல்லை லீவு முடியட்டுமா?"