முருகனுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டியது

அதிகம் பேசாத மனிதனிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தப்பு. அதிகம் பேசாதவனுக்குச் சத்தத்தின் அளவு தெரியாது. பழக்கம் இல்லை அல்லவா? எப்போதாவது வாயைத் திறக்க நேர்ந்தால், எவ்வளவு திறப்பது என்று தெரியாமல் முழுவதையும் திறந்துவிடுவான். நான் அப்படித் திறந்தது ஒரு தைப்பூசத்தன்று காலையில், நடுச்சாலையில், தலையில் பால்குடத்தோடு, மேலுக்குச் சட்டை இல்லாமல்.

நான் தேக்கா மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்கிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. கப்பல் பட்டறை வேலைக்கென்று சிங்கப்பூர் வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த செல்வியைக் கல்யாணம் செய்துகொண்டு, குவீன்ஸ்டவுனில் குடியிருக்கிறேன். என் கூச்சத்துக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். பஸ்ஸில் மணியை அழுத்தக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறேன். (வேறு யாராவது அழுத்துவார்கள் என்று காத்திருப்பேன். அன்றைக்குப் பார்த்து யாருமே இறங்கமாட்டார்கள்.)

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. அவள் ஓ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம் எங்கள் வீட்டில் மூன்று பேருமே எழுதினோம் என்றுதான் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. குக்கர் விசில் அடித்தால் பிள்ளையின் கவனம் கலையும் என்று செல்வி அடுப்பின் பக்கத்திலேயே நின்று, விசில் வரப்போகும் நேரம் பார்த்து அணைத்துவிடுவாள். அந்த வருடம் முழுக்க எங்களுக்கு அரைவேக்காட்டுப் பருப்புதான். மூளைக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பிப் பெட்டி பெட்டியாகக் கோழிச் சாறு வாங்கி வைத்தாள். மகளோ, கோழியின் முகம் ஞாபகம் வருகிறது என்று தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். வீணாக்கக் கூடாதே என்று அத்தனையையும் நான் குடித்தேன். மூளையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வயிறு மட்டும் நன்றாக வளர்ந்தது.

கோழியின் முகத்தைப் பற்றி அவள் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜனவரியில் தேர்வு முடிவு வந்தது. நல்ல முடிவு. ஜேசிக்கு, அதாவது ஜூனியர் காலேஜுக்குப் போகலாம், அங்கிருந்து பல்கலைக்கழகம், அங்கிருந்து குளிர்சாதன அறையில் ஒரு நாற்காலி என்று நான் மனத்துக்குள் அவளை உட்கார வைத்தே விட்டேன். அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"நான் ஜேசி போகலப்பா. பாலிடெக்னிக்ல வெட்னரி கோர்ஸ் இருக்கு. அதான் வேணும்."

"அப்படின்னா?"

"நாய், பூனை, ஆடு, மாடு எல்லாத்துக்கும் வைத்தியம்."

ஆடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காதை அடைத்தது. ஐந்தாம் வகுப்பில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதே ஆடு மேய்க்கத்தான். வருடக்கணக்கில் ஆடுகளின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தவன் நான். அந்தக் காட்சி வேண்டாம் என்றுதான் கடல் தாண்டி வந்தேன். இப்போது என் மகள், அத்தனை மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு, அதே பின்புறத்துக்குத் திரும்பிப் போகிறேன் என்கிறாள்!

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ம்" என்றேன். வீட்டிலும் எனக்குக் கூச்சம்தான்.

அப்பாவின் "ம்" சரியில்லை என்று மகள் அழுதாள். செல்விதான் பஞ்சாயத்து செய்தாள்.

"இங்க பாருங்க ரெண்டு பேரும். ஃபர்ஸ்ட் சாய்ஸ் வெட்னரி போடு. செகண்ட் சாய்ஸ் ஜேசி போடு. அந்த கோர்ஸுக்கு சீட்டு ரொம்பக் கம்மி. கிடைச்சா அது, கிடைக்கலன்னா ஜேசி. முருகன் முடிவு பண்ணட்டும். ஓகேலா?" (இந்த ஊரில் பிறந்தவர்கள் பேச்சில் அந்த 'லா' ஒட்டிக்கொண்டே வரும்.)

மகள் ஓகே என்றாள். நானும் "ம்" என்றேன். அப்படியே விண்ணப்பமும் போய்விட்டது.

முருகன் முடிவு பண்ணட்டும் என்று சொன்னவள் செல்வி. ஆகவே நான் நேராக முருகனிடம் போனதில் என்ன தவறு? தைப்பூசம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. இடம் கிடைத்ததா இல்லையா என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வரும். பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் இதுதான்: மகளுக்கு முதலில் கேட்டது கிடைக்கக் கூடாது. இரண்டாவதாகக் கேட்டது கிடைக்க வேண்டும். உலகத்தில் எந்தத் தகப்பனும் இப்படியொரு மனுவோடு முருகன் முன்னால் நின்றிருக்கமாட்டான்.

செல்வியிடம், "பிள்ளைக்காகப் பால்குடம் எடுக்கலாம்னு இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. பாதிதான் சொன்னேன், அவ்வளவுதான்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. செல்வி அதை மகளிடம் சொல்ல, மகள் அப்படியே உருகிவிட்டாள். நாட்கணக்கில் என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தவள், நான் விரதம் இருந்த நாட்களில் மாலையில் வேலை முடிந்து வந்ததும் பழம் நறுக்கித் தட்டில் வைத்து நீட்டினாள். "தேங்க்ஸ்பா. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். இருந்தும் எனக்காக எடுக்கறீங்க" என்றாள். பப்பாளித் துண்டு தொண்டையில் நின்றுவிட்டது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதில் அவள் இன்னொரு துண்டை வைத்தாள்.

தைப்பூசத்தன்று காலை. சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடக்க வேண்டும். மஞ்சள் வேட்டி, வெற்றுடம்பு, அதில் கோழிச் சாறு வளர்த்த வயிறு. கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய வகுப்புத் தோழி ஷூ டிங் வேறு.

"அங்கிள்! ஜியாயூ!" என்று அந்தப் பெண் கையை உயர்த்திக் கத்தினாள். சீனத்தில் அது உற்சாகப்படுத்தும் சொல்லாம். என் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். (தலையில் குடத்தோடு அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூச்சும் உள்ளேயே நின்றுவிடும்.) செல்வி தண்ணீர் பாட்டிலோடு ஒரு பக்கம், மகளும் தோழியும் மறுபக்கம். மூன்று பேரும் ஓரமாகக் கூடவே நடந்து வந்தார்கள். மகளின் கண்ணில் நீர் வேறு. எனக்கு ஏன் இந்தச் சோதனை?

இந்த ஊரில் ஊர்வலம் முழுக்க மேளம் அடிக்க முடியாது. அதற்கென்று ஒதுக்கிய இடங்களில்தான் அடிப்பார்கள். அப்படி ஓர் இடத்துக்கு வந்தபோது உறுமியும் தவிலும் சேர்ந்து தூக்கியடித்தன. வரிசை அங்கே நின்றுவிட்டது. அதுவரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்த வேண்டுதல் எனக்கே கேட்கவில்லை. எனக்கே கேட்காதது முருகனுக்கு எப்படிக் கேட்கும்? கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்தேன். போதவில்லை. முணுமுணுத்தேன். அதுவும் போதவில்லை. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

அதே நொடியில் மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள்.

"முருகா! யாழினிக்கு அந்த நாய் பூனை கோர்ஸு கிடைக்கவே கூடாதுடாப்பா!"

இத்தனை பெரிய கூட்டத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தேன். மகள் தடுப்புக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"வாட் டிட் அங்கிள் சே?" என்று ஷூ டிங் கேட்டாள்.

யாழினி என்னைப் பார்த்தபடியே, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் அவளுக்குச் சொன்னாள். கேட்ட ஷூ டிங் உயர்த்தியிருந்த கையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

எனக்குப் பின்னால் குடத்தோடு நின்ற ஒரு தடித்த மனிதர் ஆரம்பித்தார். "என்னண்ணே இது? பெத்த புள்ளைக்கு எதிரா பால்குடமா?"

முன்னால் நின்ற மஞ்சள் சேலைக்காரம்மா, தலையில் குடம் இருந்ததால் திரும்பாமலே பதில் சொன்னார். "அவர் சொல்றதுல தப்பு இல்லலா. ஜேசிதான் நல்லது. என் பையனும் ஜேசிதான்."

"ஏன், பாலிடெக்னிக் போனா என்ன? என் தங்கச்சி அங்க படிச்சுட்டுத்தான் யூனிவர்சிட்டி போனா" என்றார் தடித்த மனிதர்.

"என்ன கோர்ஸு?"

"அக்கவுண்டன்ஸி."

"அது வேற, இது வேறலா!"

"அக்கா, எங்க வீட்டுப் பூனைக்குப் போன மாசம் ஆபரேஷன்" என்றது எங்கிருந்தோ ஒரு குரல். "பில்லப் பாத்து நான்தான் மயங்கி விழுந்தேன். பாப்பா, நல்ல கோர்ஸும்மா. விட்டுடாத!"

நடுவில் சட்டையில்லாமல் நான். என் குடும்ப விஷயத்தை ஆளாளுக்கு அலசுகிறார்கள். எல்லோர் தலையிலும் பால்குடம், ஒருவராலும் தலையை ஆட்ட முடியவில்லை, ஆனால் வாய் மட்டும் யாருக்கும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு தொண்டூழியர் ஓடி வந்தார். "அண்ணே, முன்னால எவ்வளவு கேப் ஆயிடுச்சு பாருங்க! ஜேசியோ பாலியோ, நடந்துகிட்டே பேசுங்க!"

நடந்தோம். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளே குடித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு யாழினி தடுப்பை ஒட்டி வந்து, மெதுவான குரலில் கேட்டாள்.

"நான் தோக்கணும்னா இவ்வளவு தூரம் நடக்கறீங்க?"

"தோக்கணும்னு இல்லம்மா. ரெண்டாவது ஜெயிக்கணும்னு."

"ஏன்பா?"

குடம் தலையில் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, பேச்சு வந்தது. ஆடு மேய்த்ததைச் சொன்னேன். ஆட்டுக்குப் பின்னால் நடந்தவன் மகள் ஆட்டுக்குப் பின்னாலேயே போகக் கூடாது என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அது.

அவள் என்னோடு அடிவைத்து நடந்தபடியே, "ஒரு ஆட்டுக்கு உடம்பு சரியில்லன்னா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள்.

"என்ன பண்றது? பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"எனக்கு அதுக்கு மேல தெரியணும். அவ்வளவுதான்பா நான் கேக்கறது."

அந்தப் பக்கமிருந்து ஷூ டிங் கவலையோடு எட்டிப் பார்த்து, "சோ... அங்கிள் ஓகே ஆல்ரெடி?" என்றாள்.

"கேன்சல் பண்ணுங்க" என்றாள் மகள் என்னிடம்.

"வேண்டுதலை எப்படிம்மா பாதியில கேன்சல் பண்றது?"

"பாலை ஊத்தறதுக்குள்ள மாத்திக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று பின்னாலிருந்த தடித்த மனிதர் தீர்ப்பு சொன்னார். அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

சன்னிதியில் எனக்குக் கிடைத்தது கண்ணிமைக்கும் நேரம். குடத்தை வாங்கினார்கள், பால் போனது, "நகருங்க, நகருங்க" என்றார்கள். பழைய வேண்டுதலும் புதிய வேண்டுதலும் தொண்டையில் முட்டிக்கொள்ள, "முருகா, இவ பொல்லாதவ, பாத்துக்க" என்று மட்டும்தான் வந்தது. அது எந்தக் கணக்கில் சேரும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து முடிவு வந்தது. முதலில் கேட்டதே கிடைத்துவிட்டது. மகள் வீடு முழுக்கக் குதித்தாள். "அப்பா அவ்வளவு கத்தியும் முருகன் காதுல வாங்கல பாரு" என்று செல்வி கைகூப்பினாள். நானும் சிரித்தேன். அவள் குதித்ததைப் பார்த்த பிறகு வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் தண்டனை தொடர்கிறது. நான் எந்தக் கோயிலில் கண்ணை மூடினாலும் செல்வி பக்கத்தில் வந்து, "இன்னிக்கு யாருக்கு எதிரா?" என்கிறாள். அவளுடைய அக்கா தங்கைகளும், அவர்கள் பிள்ளைகளும், ஷூ டிங்கும்கூட இதைக் கேட்கிறார்கள். (ஷூ டிங் இதற்காகவே அந்த ஒரு தமிழ் வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.) போதாக்குறைக்கு வீட்டில் ஒரு சட்டம் வேறு போட்டுவிட்டார்கள்: அப்பா இனிமேல் மனத்துக்குள் வேண்டிக்கொள்ளக் கூடாது. வாய்விட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படிதான் வேண்ட வேண்டும். பஸ்ஸில் மணியை அழுத்தாத மனிதனுக்கு இந்தத் தண்டனை!

யாழினி இப்போது படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். பயிற்சிக்கு எங்கே போடுவார்கள் என்று தெரியாமல் வீடே தவித்த ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். கைகூப்பினேன்.

"சத்தமா" என்றாள் செல்வி.

"முருகா, என் பொண்ணு எதைக் கேட்டாளோ அதையே குடுத்துடுப்பா!" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மகள் என் தோளில் கைவைத்தாள். "தேங்க்ஸ்பா. நான் என்ன கேட்டிருக்கேன்னு தெரியுமா?"

"என்னம்மா, நாயா?"

"பாம்பு."

நான் ஒரு கால் செருப்போடு மறுபடி உள்ளே ஓடப் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.