மணிமுள் சித்தரின் ஒன்பது வாட்ச்

முனியராஜ் மணிமுள் சித்தருக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஒன்பது வாட்ச் வாங்கியதில் மிச்சம் ஐயாயிரத்து நானூறு. நின்றுபோன வாட்சுக்கு உயிர் கொடுத்த கூலி, தடவைக்கு ஐம்பது வீதம் பத்தொன்பது தடவைக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அவன் பெண்டாட்டி வீரலட்சுமியின் கம்மல் சித்தருக்கு.

விஸ்வநத்தத்தில் சித்தர் வந்து இறங்கிய நாள் முதல் வரிசைதான். ரேஷன் கடையில்கூட அப்படி நின்றதில்லை. ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது வாட்ச் வேண்டுமாம். ஞாயிறுக்குச் சிவப்பு முகப்பு, சனிக்குக் கறுப்பு, ராகு கேதுவுக்கு இரண்டு. எதை என்றைக்குக் கட்டுவது என்று அட்டவணை வேறு. அச்சடிக்க இந்தப் பக்கம் பஞ்சமா? வீட்டுக்கு வீடு ஒட்டினோம்.

செல் போட்ட வாட்ச் ஆகாது, அது பிணமாம். சித்தர் விற்கும் வாட்சுக்குச் செல்லும் இல்லை, சாவியும் இல்லை, தானாக ஓடும். நின்றால்? கட்டியவன் ஆயுசும் நிற்கும். தினமும் பட்டாசு மருந்தைக் கையால் அள்ளுகிறவனுக்கு இந்த ஒரு சொல் போதாதா? நானும் இரண்டு வாங்கினேன்.

வாட்சும் நின்றது. பட்டாசுக் கம்பெனி கேட்டில் செல்போன், வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஒன்பதும் வீட்டுப் பெட்டியில் தூங்கும். இரண்டு நாளில் முள் நின்றுவிடும். ஓடுவோம் சித்தரிடம். அவர் வாட்சைத் தலையைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி, மந்திரம் சொல்லி நீட்டுவார். டிக் டிக். எடு ஐம்பது.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்மலோடுதான் வந்தாள் வீரலட்சுமி. கறுப்பு வாட்சை ஆடாமல் அலுங்காமல் ஏந்தி வந்து பலகையில் வைத்தாள்.

"சாமி, நின்னு போச்சு. தொடாம மந்திரம் சொல்லுங்க."

"கை படாம எப்பிடித்தாயி?"

"உயிர் குடுக்கறது மந்திரமா, கையா?"

"ஏ, சாமிகிட்ட என்ன பேச்சு!" என்று பதறினான் முனியராஜ்.

"நீங்க சும்மா இருங்க. போகப் போறது என் கம்மலு."

சித்தர் மந்திரம் சொன்னார். உரக்கச் சொன்னார். வேர்வை வழிய வழியச் சொன்னார். முள் அசையவில்லை.

"சனி முரண்டு பிடிக்காரு" என்றார்.

வீரலட்சுமி வாட்சை எடுத்து, வரிசையில் நின்ற பேச்சியம்மாள் ஓரமாகக் கட்டியிருந்த ஆட்டின் கழுத்தில் மாட்டினாள். ஆடு மிரண்டு நாலு துள்ளு துள்ளியது. பேச்சியம்மாள் குனிந்து காதை வைத்தாள்.

"ஏலே, ஓடுதுலே! என் ஆட்டுக்கு அருள் வந்துருச்சு!"

"அருளும் இல்ல, கிருளும் இல்ல மதினி" என்றாள் வீரலட்சுமி. "போன வாரம் நின்ன வாட்ச மடியில வச்சு இங்கன நடந்து வந்தேன். வாசலுக்கு வரும்போதே ஓடிக்கிட்டிருந்துச்சு. சாமி அதையும் சுத்திட்டு அம்பது வாங்குனாரு. உள்ள ஒரு குண்டு இருக்காம். ஆட்டுனா அது சுத்திச் சாவி ஏறுமாம். விருதுநகர்ல வாட்ச் கடை மெகருன்னிசாக்கா தெறந்தே காட்டுனாக."

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் நின்ற வாட்சை எடுத்து ஆட்டியது. பார்க்கிறவன் ஊருக்கே குளிர்காய்ச்சல் என்று நினைத்திருப்பான். டிக் டிக், டிக் டிக். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சித்தர்கள்!

சித்தர் நழுவப் பார்த்துப் பையைத் தேடினார். பை பேச்சியம்மாள் கையில் இருந்தது.

"பாக்கி எம்புட்டுன்னீக?" என்றாள் வீரலட்சுமி.

"அது... வந்து தாயி..."

"ஒம்பது வாட்சும் இந்தாங்க. அதுல அந்த ஐயாயிரத்து நானூறு கழிஞ்சுது. உயிர் குடுத்த கூலிய ஆடுதான் கேக்கணும். அதுக்கு நான் திங்கக் குழை ஒடிச்சுப் போட்டுக்கிடுதேன். எழுதுங்க."

முனியராஜ் குனிந்த தலையோடு பாக்கிக் கணக்கு நோட்டை நீட்டினான். சித்தர் தொகையை அடித்துவிட்டு, 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். மந்திரம் கேட்ட கூட்டத்துக்கு அதுவும் கேட்கட்டும் என்றுதான்.

ஐயா, அந்த வாட்ச் நின்றால் ஆட்டினால் ஓடும். மூளை அப்படியில்லை. கண்டவன் சொல்லுக்கெல்லாம் தலையை ஆட்ட ஆட்ட, அது நின்றே போகும்.