வெம்பிளியில் ஒரு கறையான் கட்டு

லண்டனில் கறையான் இல்லை. இந்தக் குளிர் அதற்கு ஒத்துவராது. எலி உண்டு, மூட்டைப்பூச்சி உண்டு, குளியலறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் தாராளமாக உண்டு. கறையான் மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறையானிடமிருந்து வீட்டைக் காப்பாற்றவென்று வெம்பிளி மண்டபமொன்றின் வாசலில் சனம் குடை பிடித்துக்கொண்டு நின்றது. வரிசை மூலை திரும்பி பஸ் தரிப்பிடம் வரைக்கும் போயிற்று.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. உடம்பு லண்டனில் இருந்தாலும் வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தது. பூட்டிய வீடு, பாதி பூட்டிய வீடு, சொந்தக்காரரை இருத்திய வீடு. அங்கே வெக்கை, ஈரம், மாரி மழை. கறையானுக்கு அதைவிட என்ன வேண்டும்? கதவு நிலையைத் தின்று, யன்னலைத் தின்று, கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டுத்தான் சுவாமி இரங்கி வந்திருந்தார்.

சுவாமியின் பெயர் வன்மீகானந்தர். வன்மீகம் என்றால் புற்று. புற்றுக்குள் பன்னிரண்டு வருடம் தவம் செய்தவர் என்று நோட்டீஸ் சொன்னது. அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் நோர்வேயில் கண்ணாடி யன்னல் பூட்டிக்கொண்டிருந்தார் என்று ஒஸ்லோவிலிருந்து வந்த ஒருவர் வரிசையில் நின்று சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் அவரைத்தான் முறைத்தார்கள்.

உள்ளே மேடையில் ஒரு மேசை. மேசைக்கு மேல் ஒரு கமரா. கமரா பார்ப்பதெல்லாம் பின்னால் பெரிய திரையில் தெரிந்தது. அற்புதமும் இந்தக் காலத்தில் எச்டியில்தான் நடக்க வேண்டும். சீடர் நிரூபன் கோட் சூட்டுக்கு மேல் காவித் துண்டு போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தார்.

"அடுத்தது கொக்குவில் வீடு! குட்மேய்ஸ் கிருஷ்ணராசா அண்ணை மேடைக்கு வாங்கோ!"

கிருஷ்ணராசா எழுந்து போனார். அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு குட்மேய்ஸில் சொந்தமாகக் கடை போட்டு முன்னுக்கு வந்த மனிதர். கடையில் ஒரு பால் பெட்டி காலாவதியானாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் கைகட்டி, வாய்பொத்தி நின்றார். அவருடைய தகப்பன் கட்டிய கொக்குவில் வீட்டில் அக்கா அருள்நாயகி தனியாக இருந்தார். முன்விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தார். போன கிழமை அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "தம்பி, கதவு நிலையை விரலால அமத்தினா விரல் உள்ள போகுது."

சுவாமி நடுவில் கொக்குவில் வீட்டின் படம் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். இடுப்பிலிருந்து ஒரு செப்புக் குழாயை எடுத்தார். எழுதுகோல்தான்; அதன் பெயர் மந்திரத் தூவல். வாய்க்குள் முணுமுணுத்தபடி அதனால் தாளில் கொக்குவில் வீட்டைச் சுற்றி ஒரு கோடு வளைத்தார். பிறகு வெள்ளிச் செப்பொன்றைத் திறந்து, ஈழத்துப் புற்றிலிருந்து கொண்டுவந்தவை என்று ஏழெட்டுக் கறையானைத் தாளில் கொட்டினார். அவற்றை எப்படிக் கொண்டுவந்தார் என்பது அவருக்கும் விமான நிலையச் சுங்கத்துக்கும் இடையிலான விஷயம்.

கறையான்கள் கொஞ்சம் தடுமாறின. ஒன்று கோட்டைத் தொட்டது. தொட்டதும் கோட்டின் மேலேயே நடக்கத் தொடங்கியது. பின்னால் இன்னொன்று. கடைசியில் எல்லாமே வரிசையாக, கோட்டை விட்டு மயிரிழை விலகாமல், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. திரையில் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவில் தெரிந்தது.

மண்டபம் "அரோகரா" என்று அதிர்ந்தது. ஒரு அம்மா அழுதார். ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"பார்த்தீர்களா? எல்லை கட்டியாயிற்று. இங்கே கட்டுப்பட்டது அங்கேயும் கட்டுப்படும்," என்றார் சுவாமி. "ஆனால் ஒரு மண்டலம் முடியும்வரை வீட்டில் மருந்து அடிக்கக்கூடாது. மண் புற்றைக் கையால் தொடக்கூடாது. மராமத்து கூடாது. தொட்டால் கட்டு அறும்."

இதுதான் கெட்டித்தனம். வேலை செய்தால் மந்திரத்துக்குப் பெருமை. வேலை செய்யாவிட்டால் யாரோ தொட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி ஜெகதீஸ்வரிதான் காரை ஓட்டினார். அவருக்குத் தொழிலே அதுதான். கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியை.

"இஞ்சருங்கோ, மருந்தடிக்க ஆள் வாறதெண்டு கொக்குவில் மச்சாள் சொன்னவ எல்லே?"

"மறிச்சுப்போட்டன். இப்பத்தான் மெசேஜ் அனுப்பினன்."

"ஏன்?"

"சுவாமி சொன்னதைக் கேக்கேல்லையே நீர்?"

"கேட்டனான். கூரைத் தண்ணி ஓடுற பீலி ஒழுகுது, சுவர் நனையுது, சுவரோட விறகு அடுக்கிக் கிடக்குது எண்டு மச்சாளும் சொன்னவ. அதையும் கேட்டனான்."

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம். சும்மா ரோட்டைப் பாத்து ஓட்டும்."

ஜெகதீஸ்வரி ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அவர் சனத்துக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தானே.

யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கியது. மருந்தடிக்க வந்த ஆளை அருள்நாயகி வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பினார். தம்பி காசு அனுப்புகிற தம்பி. அவன் சொல்லைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஒழுகிய பீலி ஒழுகியபடி. அடுக்கிய விறகு அடுக்கியபடி. சுவரில் மண் குழாய்கள் விரலளவு தடிப்பில் கூரைக்கு ஏறின. லண்டன் தாளில் கட்டுப்பட்ட சேதி கொக்குவில் கறையானுக்குப் போய்ச் சேரவில்லை போலும்.

ஒரு காலை பெரும் சத்தத்தோடு முன்விறாந்தைக் கூரையின் வளைமரம் முறிந்து, ஓடுகளோடு கீழே வந்தது. பிள்ளைகள் இருந்து படிக்கும் நீள மேசை இரண்டாகப் போயிற்று. வெள்ளம் என்று அன்றைக்குப் பிள்ளைகள் வரவில்லை. அருள்நாயகி மட்டும் மேசையோரம் நின்றார். வலது கை முறிந்தது.

செய்தி கேட்டதும் கிருஷ்ணராசா முதலில் யாருக்கு அழைத்தார் தெரியுமா? சுவாமிக்கு. சுவாமி தியானத்தில் இருந்ததால் நிரூபன் பேசினார்.

"அண்ணை, கட்டு அறுந்திருக்குது. ஆரோ புற்றைத் தொட்டிருக்கினம். மறுகட்டுப் போடவேணும். அதுக்குக் காசு கொஞ்சம் கூட வரும்."

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு அருள்நாயகி திரையில் தெரிந்தார். கிருஷ்ணராசாவுக்குப் பக்கத்தில் நின்று ஜெகதீஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். நீ விளக்குமாறால கிளக்குமாறால அந்த மண்ணைத் தட்டினியே?"

அருள்நாயகி மாவுக்கட்டுக் கையைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

"ராசா," என்றார் பிறகு. "கை முறிஞ்சு கிடக்கிறன். நோகுதோ எண்டு நீ கேக்கேல்லை. பிள்ளையள் ஆரும் இருந்தவையோ எண்டு கேக்கேல்லை. விளக்குமாறைக் கேக்கிறாய்."

திரை இருண்டது. கிருஷ்ணராசா தொலைபேசியைக் கையில் வைத்தபடி கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய முகத்தை ஜெகதீஸ்வரி இதற்கு முன் அப்படிக் கண்டதில்லை.

"நான் என்ன செய்துபோட்டன், ஈஸ்?"

"மறுகட்டுக்குப் போவம்," என்றார் ஜெகதீஸ்வரி. "இந்தமுறை நானும் மேடைக்கு வாறன்."

அடுத்த ஞாயிறு கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. கட்டுப்போட்ட வீடு விழுந்த கதை பரவியதில் சுவாமியின் மதிப்பு கூடியிருந்தது. "பாத்தியளே, தொட்டவுடன விழுத்திப்போட்டுது! எவ்வளவு சக்தி!" என்று ஸ்ரீதரன் என்றொருவர் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். பிளேஸ்டோவில் கணக்காளர். படித்தவர்.

சுவாமி தாளை விரித்தார். செப்புத் தூவலை எடுத்தார். ஜெகதீஸ்வரி பணிவாகக் கும்பிட்டார்.

"சுவாமி, ஒரு சின்ன விளக்கம். பூச்சி உங்கட மந்திரத்துக்குத்தானே கட்டுப்படுது?"

"மந்திரத்துக்குத்தான் தாயே. வேறெதற்கு?"

"பேனைக்கு இல்லையே?"

"பேனை வெறும் கருவி!" சுவாமி கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"அப்ப நல்லது. அதே மந்திரத்தைச் சொல்லி, இந்தப் பென்சிலால கீறுங்கோ."

பூச்சிகள் கோட்டின் மேலேயே நடந்ததைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு அந்தக் குழாயில்தான் சந்தேகம். கைப்பையிலிருந்து பென்சில் வந்தது. சுவாமியின் புன்னகை நின்றது.

"பென்சில் கரி. கரி சனீஸ்வரனுக்கு உரியது. ஆகாது."

"வெறும் கருவி எண்டனீங்கள்."

"தங்கச்சி, சுவாமியோட வாக்குவாதப்படக் கூடாது," என்று நிரூபன் மைக்கில் குறுக்கிட்டார். ஆனால் முன்வரிசையிலிருந்து கிருஷ்ணராசா எழுந்தார். "கீறட்டும். வீடு என்ர. விழுந்ததும் என்ர அக்காவுக்கு மேல." பிறகு பின்னாலிருந்து ஸ்ரீதரனே கத்தினார்: "கீறிக் காட்டுங்கோ சுவாமி! இவையின்ர வாயை அடையுங்கோ!"

பக்தனை விடப் பெரிய ஆபத்து போலிச் சாமியாருக்கு வேறில்லை. சுவாமி பென்சிலை வாங்கினார். வழக்கத்தைவிட உரக்க மந்திரம் சொன்னார். வட்டம் கீறினார். கறையானைக் கொட்டினார்.

கறையான்கள் சந்தைக்கு வந்த சனம்போலச் சிதறின. ஒன்று கோட்டைத் தாண்டி உள்ளே போனது. இரண்டு வெளியே போயின. ஒன்று சுவாமியின் சுண்டுவிரலில் ஏறியது. எல்லாம் திரையில், ஆட்டுக்குட்டி அளவில்.

"இங்கே நம்பிக்கையில்லாத ஆத்மா ஒன்று நிற்கிறது!" என்றார் சுவாமி.

"ஓம், நிக்குது. அதுவும் ஒருக்காக் கீறிப் பாக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே ஜெகதீஸ்வரி செப்புத் தூவலை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். நிரூபன் பாய்வதற்குள் புதுத் தாளில் ஒரு பெரிய ரவுண்டபவுட் கீறினார். மூன்று பாதையும் போட்டார். தினமும் மாணவர்களுக்குக் கீறுகிற கை. வட்டம் அச்சாக வந்தது. மந்திரத்துக்குப் பதிலாக மைக்கில் கேட்கும்படி சொன்னார்: "கண்ணாடியைப் பார். சிக்னலைப் போடு. பிறகு திரும்பு."

சுவாமியின் விரலில் இருந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் தாளில் விட்டார்.

கறையான்கள் ரவுண்டபவுட்டில் ஏறின. ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டு இடப்பக்கப் பாதையால் வெளியேறின. மந்திரம் இல்லை. தவம் இல்லை. லண்டன் சாரதிகளைவிட நன்றாகவே ஓட்டின.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது.

கிருஷ்ணராசா மேடையேறி மனைவியின் கையிலிருந்த செப்புக் குழாயை வாங்கித் திருகினார். மூடி கழன்றது. உள்ளே இருந்தது நீல நிறப் பிளாஸ்டிக் பேனை.

"உது என்ர கடையில விக்கிற பேனை!" என்றார். "சிகரட் தட்டுக்குக் கீழ, பக்கெட்டில பத்து!"

விஷயம் இவ்வளவுதான். கறையானுக்குக் கண் தெரியாது. முன்னால் போன கறையான் விட்டுப்போன வாசத்தைப் பிடித்துத்தான் மற்றது நடக்கும். சில பேனைகளின் மையில் இருக்கும் ஒரு பொருள் அந்த வாசம்போலவே அதற்குப் படும். யார் கீறினாலும் நடக்கும். புற்றுக்குள் பன்னிரண்டு வருடம் இருக்கத் தேவையில்லை.

சுவாமி சமையலறை வாசலால் வெளியேறினார். நிரூபன் காவித் துண்டை மடித்துக் கோட் பைக்குள் செருகிக்கொண்டு மைக் வயரைப் பிடுங்கினார். காசு கொடுத்தவர்கள் கத்தினார்கள். சிலர் பொலிசுக்கு அழைத்தார்கள். பலர் அழைக்கவில்லை, ஏமாந்தது ஊருக்குத் தெரிந்தால் வெட்கமாம். ஏமாறும்போது மண்டபம் நிறைய வெளிச்சத்தில்தான் நின்றார்கள்.

கொக்குவிலில் இப்போது பீலி ஒழுகவில்லை. விறகு சுவரை விட்டுத் தள்ளி, கல்லுக்கு மேல் அடுக்கியிருக்கிறது. ஆட்கள் வந்து அத்திவாரத்தைச் சுற்றித் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து இறக்கினார்கள். தின்னப்பட்ட மரமெல்லாம் கழற்றி இரும்பு வளை போட்டார்கள். கிருஷ்ணராசா கடையைப் பூட்டிவிட்டுத் தானே போய் நின்று செய்வித்தார். மாவுக்கட்டு வெட்டும் நாளன்று அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். "நோகுதோ அக்கா?" என்று கேட்டார். "இப்ப இல்லை," என்றார் அருள்நாயகி.

அன்றைக்கு மண்டபத்தில் கடைசியாக நடந்ததைச் சொல்லவில்லையே. சனம் கலையும்போது கணக்காளர் ஸ்ரீதரன் மெல்ல ஜெகதீஸ்வரியிடம் வந்தார். முகத்தில் அதே பக்தி.

"தங்கச்சி, அந்தப் பேனையை எனக்குத் தருவியளோ? நவாலியில எங்கட வீட்டைச் சுத்தி ஒரு கோடு போட்டுப் பாப்பம் எண்டு."

ஜெகதீஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணை, கறையானுக்குக் கண் இல்லை. அதால ஆர் கோடு போட்டாலும் அதுக்குப் பின்னால போகுது," என்றார். "உங்களுக்கு என்ன குறை?"