நின்றுபோன படம்

கேள்வி கேட்கத் தொடங்கிய பணிப்பாளர், அரைவாசி திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுபோனார். பக்கத்தில் இருந்த நிர்வாகி அம்மா சதுரம் சதுரமாகச் சிதைந்து கிடந்தார்.

நீர்வேலி றஜிந்தனுக்கு எரிச்சல் வந்தது. மருதனார்மடத்துத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் கணினி திருத்தப் படிப்பிக்கும் வேலைக்கு இணையவழி நேர்முகம். எட்டு மாதமாக அவனுக்கு வேலை இல்லை. அந்த எட்டு மாதத்தில் வேலை தேடியதைவிட, வேலை கொடுப்பவர்களிடம் குறை தேடியதுதான் அதிகம். நேர்முகத்துக்கென்றே தன் கையால் ஒரு புதுக் கணினி பொருத்தியிருந்தான். கணினி ஓடியது, இணையம் ஊர்ந்தது.

"சேர், உங்கடை படம் நிக்குது. இணைப்பை ஒருக்காப் பாருங்கோ," என்று விட்டுவிட்டுக் கேட்டது குரல். அது நிலையத்தின் எழுதுவினைஞர் யசிந்தா.

"என்ரை பக்கம் பிழை வராது மிஸ். லைன்காரன்ரை பிழை," என்றவன் உள்ளே திரும்பிக் கத்தினான். "தாரிகா! உம்மடை போனை நிப்பாட்டும். அதுதான் எல்லாத்தையும் உறிஞ்சுது."

மனைவி தாரிகா குசினியிலிருந்து வந்தாள். "அது விடியவே சார்ஜ் இல்லாமல் நிண்டிட்டுது. நான் என்ன சொல்லுறனெண்டால்..."

"உமக்கு உது விளங்காது."

ரூட்டரைத் தூக்கிக் கணினிப் பெட்டியின் தலையில் வைத்தான். இரண்டு கோடாக இருந்த சைகை ஒரு கோடானது. பெட்டியையே இழுத்துத் திருப்பினான். ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த அரைகுறைச் சத்தமும் நின்றது.

"முழுக்க அறுந்துபோச்சு. நல்லதாப் போச்சு! உந்தப் பணிப்பாளரைக் கண்டனீரே? மௌஸை எந்தக் கையாலை பிடிக்கிறதெண்டு தெரியாத மனிசன் என்னைக் கேள்வி கேக்குது."

"மெதுவாக் கதையுங்கோ."

"ஏன்? ஆர் கேக்கிறது? பக்கத்திலை இருந்த மனிசி அரை நித்திரை. உவையிட்டைப் படிச்ச ஒருத்தனுக்கும் பிளக்கை ஒழுங்காச் செருகத் தெரியாது."

"வேலை கிடைச்சால் காணும் எனக்கு."

"கிடைக்கும், கிடைக்கும். என்ரை சேர்ட்டிபிக்கேற்றைப் பார்த்தே வாயைப் பிளந்தவை. அந்த மூண்டு மாதக் கோர்ஸுக்கு நான் போனது ரெண்டு நாள். ஒரு நாள் பதியிறதுக்கு, மற்ற நாள் குறூப் போட்டோவுக்கு!"

தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, ஸ்குறூட்ரைவர் எங்கே என்று கேட்டான். மதர்போட் வந்த அட்டைப்பெட்டியைக் கிளறிய தாரிகாவின் கையில், உறை பிரிக்காத இரண்டு கறுப்புத் தண்டுகள் அகப்பட்டன.

"இதென்னப்பா, கொம்பு மாதிரி?"

"வடிவுக்குத் தாற சாமான். எறியும்."

தாரிகா எறியவில்லை. அவை வைஃபை சைகை பிடிக்கும் அன்ரெனாக்கள் என்று கூடவே இருந்த தாளில் படம் போட்டிருந்தது. பெட்டிக்குப் பின்னால் குனிந்து, வெறுமையாக நின்ற இரண்டு ஆணிகளிலும் கொம்புகளைத் திருகிப் பூட்டினாள். கழன்று தொங்கிய ஸ்பீக்கரின் பச்சை வயரையும் அதன் துளையில் செருகினாள்.

ஒரு கோடு நாலு கோடானது. திரையில் முகங்கள் கண்ணாடிபோலத் தெளிந்தன. பணிப்பாளரின் வாய் மூடியிருந்தது. நிர்வாகி அம்மா நன்றாக விழித்திருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

றஜிந்தன் பாய்ந்து போய்க் கதிரையில் இருந்தான். சேர்ட்டை இழுத்துவிட்டுப் பணிவாகச் சிரித்தான்.

"மன்னிக்கவேணும் சேர். லைன் பிரச்சினை, ஒருமாதிரி நானே கண்டுபிடிச்சுத் திருத்திப்போட்டன். விட்ட இடத்திலையிருந்து தொடங்குவமோ?"

பணிப்பாளர் யசிந்தாவைப் பார்த்தார். அவள் தொண்டையைச் செருமினாள்.

"சேர், எங்களுக்கு உங்கடை படம்தான் நிண்டது. சத்தம் ஒரு சொல்லும் விடுபடாமல் வந்துகொண்டுதான் இருந்தது."