கலியாண ஆமைக்கு ஒரு பெமிற்

அனலைதீவு
12.03.1974

சேசு மரி சூசை துணை.

யாழ்ப்பாணம் கச்சேரியில் கிளாக்கராயிருக்கும் என் தம்பி குருசுமுத்துவுக்கு அக்கா பிலோமினம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாயிருங்கள், ஆனால் என் விசயத்தை முடித்துவிட்டு இருங்கள்.

பேத்தி ஜசிந்தாவின் கலியாணம் உயிர்த்த ஞாயிறு கழிய வருகிறது. பந்திக்கு ஆமை வேணும். ஐம்பத்தாறாம் ஆண்டு பக்கத்து வளவுச் செபஸ்தியம்மா தன் மகளின் கலியாணத்தில் ஊருக்கெல்லாம் ஆமை இறைச்சி போட்டுவிட்டு, எனக்குக் குழம்பை மட்டும் ஊற்றி அகப்பையைத் திருப்பினவள். அகப்பைக் காம்பு உடைந்திருந்தது, அதுவும் நினைவிருக்கு. அவள் பார்க்க ஆமை போடவேணும் என்றுதான் உன் அத்தான் ஒரு பேராமை பிடித்து வந்தார். கரையோரம் கம்படித்து அடைத்து, கடற்பாசி போட்டு நானே வளர்த்தேன். யாரோ வனவிலங்குக் கந்தோருக்குச் சொல்லிவிட்டார்கள். யாரென்று நான் எழுதத் தேவையில்லை. அதிகாரி வள்ளத்தில் வருகிறான் என்றதும், பக்கத்துப் பெடியளைக் கூப்பிட்டு ஆமையை அறைக்குள் இழுத்துப் போர்வையால் மூடினேன். ஆமை மூச்சு உனக்குத் தெரியுந்தானே, கிழவன் பெருமூச்சு மாதிரி.

"ஆரம்மா உள்ளுக்கை?"

"என்ர மனுசன், தம்பி. தொய்வு வருத்தம், மூச்சிழுப்பு."

"பாவம், கனகாலமோ?"

"கலியாணம் கட்டின நாள் தொட்டு."

அந்த நேரம் பார்த்து உன் அத்தான் வாசலில் வந்து நின்று, "பிலோமினா, என்ர ஆமை எங்கையடி?" என்றார்.

காட்டுச் சீவனை வைத்திருக்க ஏலாதாம், சட்டமாம். "கடலிலை பிறந்தது மீன், இறைச்சி ஆகாத தபசு வெள்ளியிலும் தின்னலாம் எண்டு அப்பு சொன்னவர். இந்தத் தீவிலை எருக்கலையை விட்டால் காடு எங்கையடா?" என்று கேட்டேன். தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். வளர்த்த என்னைத் திரும்பியும் பார்க்காமல் போனது. அதையும் நான் மறக்கமாட்டேன்.

ஆகையால், கச்சேரியில் பெரியவர் ஆரையும் பிடித்து ஒரேயொரு ஆமைக்கு அனுமதிக் கடதாசி, அதுதான் பெமிற், எடுத்துத் தா. ஆட்டிறைச்சி போட்டு அவள் முகத்தில் முழிக்க என்னால் ஏலாது.

மாதா உன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். மச்சாளின் வாயையும் கொஞ்சம் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
பிலோமினம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் ஒரு சங்கதி. விடிய எங்கள் குசினிக்குப் பின்னால் மணலில் ஒரு ஆமை முட்டையிட்டிருக்கு. கூடையோடு போனேன். எனக்கு முதல் செபஸ்தியம்மா கூடையோடு நிற்கிறாள்.

"என்ர வேலிக்குப் பின்னாலை உமக்கென்ன வேலை?"

"கடற்கரை உம்மட கொப்பற்ற சொத்தோ?"

"முட்டையிலை கை வைச்சால் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள்! சட்டம் தெரியாதோ?" என்று கத்தினேன். திரும்பிப் போய்விட்டாள். ஆனால் வருவாள். பெமிற் வேண்டாம், அந்த அதிகாரித் தம்பியை உடனே அனுப்பு. ஆடு போதும். குஞ்சு பொரிக்குமட்டும், இரண்டு மாதம் எடுத்தாலும், நான் இந்த இடத்தில் கதிரை போட்டு இருக்கப்போகிறேன். கலியாணத்தன்று பெண்ணைக் கோயிலுக்கு நீ கூட்டிக்கொண்டு போ.